பழைய இன்ஜினுக்கு ஜிங்க்: யாருக்குத் தேவை, எவ்வளவு தேவை?

பழைய புஷ் ராடு இன்ஜினிலிருந்து கழற்றிய இரண்டு டேப்பட்டுகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பருமனில் இருக்கும் இரும்பு உருளைகள்; கேம் தள்ள, இவை புஷ் ராடு வழியாக வால்வைத் திறக்கும். ஒன்றின் அடிப்பக்கத்தை இன்னொன்றின் அடிப்பக்கத்தோடு ஒட்டவைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். நல்ல டேப்பட் என்றால் ஒன்றின்மேல் ஒன்று ஆடும். ஓரத்தில் மயிரிழை போல வெளிச்சம் கசியும். தேய்ந்த டேப்பட் என்றால் ஆடாது. ஓரத்தோடு ஓரம் பொருந்தி அப்படியே உட்கார்ந்துவிடும்.

காரணம் இதுதான். நம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் அந்த அடிப்பக்கம் பெரும்பாலான இன்ஜின்களில் தட்டையே இல்லை. நடுப்பகுதி ஓரத்தைவிட ஒரு தலைமுடித் தடிமனுக்கும் குறைவாக மேடாக இருக்கும்படி அரைத்திருப்பார்கள். அதன்மேல் வந்து தள்ளும் கேம் லோபும் (சுழலும் கேம் தண்டிலுள்ள முட்டை வடிவப் புடைப்பு) ஒரு பக்கம் மிக லேசாகச் சரிந்திருக்கும். இந்த மேடும் சரிவும் சேர்ந்துதான் டேப்பட்டை அதன் துளைக்குள் மெல்லச் சுழல வைக்கின்றன. சுழல்கிறவரை உரசல் ஒரே இடத்தில் விழாது. மேடு தேய்ந்துபோனால் சுழற்சி நிற்கும். சுழற்சி நின்ற பிறகு, லோபின் மூக்கு, அதாவது அதன் உச்சி, வட்டமாக மழுங்குவதற்கு அதிக நாள் ஆகாது.

அந்த மேட்டைக் காப்பாற்றுவதற்காக ஆயிலில் போடும் ரசாயனத்தைத்தான் எல்லோரும் சுருக்கமாக "ஜிங்க்" என்கிறோம். "இப்போ வர்ற ஆயில்ல ஜிங்க் இல்ல, தனியா ஒரு டின் வாங்கி ஊத்திடுங்க" என்ற அறிவுரை பழைய கார் வைத்திருக்கும் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். அதில் உண்மை உண்டு. ஆனால் அளவு தெரியாமல் ஊற்றினால் காப்பாற்ற நினைத்த கேமையே கெடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இன்ஜினுக்குள் சுற்றுகிற பெரும்பாலான பாகங்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கிராங்க் ஷாஃப்ட் பியரிங்கில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் ஓடும்போது அது ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அங்கே ஆயிலின் கனமே போதும். கேமும் டேப்பட்டும் சந்திக்கும் இடத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு கோடு அளவுக்கே உள்ள மெல்லிய இடத்தில் வால்வு ஸ்பிரிங்கின் மொத்த விசையும் இறங்குகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சொச்சம். கேமின் மூக்கில் அந்த அழுத்தம் 1 லட்சம் பவுண்டைத் தாண்டும். கடினமான ஸ்பிரிங் போட்டிருந்தால் இன்னும் கூடும். எந்த ஆயிலாக இருந்தாலும் அந்த இடத்தில் நசுங்கி விலகிவிடும். இரும்பு இரும்பைத் தொட்டே தீரும்.

இன்னொன்று, பலரும் வேகமாக ஓட்டினால்தான் கேம் தேயும் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. வேகம் கூடும்போது வால்வு, புஷ் ராடு ஆகியவற்றின் இயங்குவிசை மூக்கின்மேல் விழும் ஸ்பிரிங் பாரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும். ஆயில் படலமும் தடிக்கும். ஐடிலில் ஓடும்போது இரண்டு உதவியும் இல்லை. பழைய இன்ஜினை நீண்ட நேரம் ஐடிலில் விட்டுவைப்பது அதன் கேமுக்கு நல்லதல்ல.

இப்போது அந்த ரசாயனம். முழுப்பெயர் ஜிங்க் டைஆல்கைல்டைதயோபாஸ்பேட், சுருக்கமாக இசட்டிடிபி. 1940களில் இது ஆயிலுக்குள் வந்தபோது வேலையே வேறு: ஆயில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகாமலும், பியரிங் உலோகம் அரிக்காமலும் தடுப்பது. தேய்மானத்தையும் அது தடுக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு அதை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை. இன்றும் ஏறக்குறைய எல்லா இன்ஜின் ஆயிலிலும் அது இருக்கிறது. "புது ஆயிலில் ஜிங்க்கே இல்லை" என்பது சரியல்ல; முன்பிருந்த அளவைவிடக் குறைந்திருக்கிறது என்பதுதான் சரி.

ஜிங்க் என்று பெயர் சொன்னாலும் உலோகத்தைக் காப்பதில் பெரும்பங்கு அதிலுள்ள பாஸ்பரஸுக்கும் கந்தகத்துக்கும்தான். கேமும் டேப்பட்டும் உரசும் இடத்தில் சூடும் அழுத்தமும் எகிறும்போது இந்த மூலக்கூறு உடைகிறது. உடைந்த துண்டுகள் இரும்பின் மேற்பரப்போடு வினைபுரிந்து, கண்ணாடி போன்ற ஒரு பாஸ்பேட் படலத்தை உண்டாக்குகின்றன. தலைமுடித் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். அடுத்த உரசலில் தேய்வது அந்தப் படலம், இரும்பு தப்பிக்கிறது. தேய்ந்த இடத்தில் மறுபடியும் படலம் பிறக்கிறது. இன்ஜின் ஓடுகிறவரை இந்த வேலை ஓயாது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். படலம் உருவாகச் சூடு வேண்டும், உரசல் வேண்டும், கொஞ்ச நேரமும் வேண்டும். அதனால்தான் புது கேம் போட்ட முதல் அரை மணி நேரம் அதன் ஆயுளிலேயே ஆபத்தான நேரம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் குறைத்தார்கள்? புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களிலிருந்து அது பரவலாக வந்தது. எந்த இன்ஜினும் கொஞ்சமாவது ஆயிலை எரிக்கும். அப்படி எரிந்த ஆயிலின் பாஸ்பரஸ் கன்வெர்ட்டருக்குள் போய் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய பரப்பில் படிந்து அதை மூடிவிடுகிறது. நச்சு வாயுக்களைச் சுத்தப்படுத்த வேண்டிய பரப்பு வேலை செய்யாமல் போகிறது. கார் பல ஆண்டு ஓடினாலும் கன்வெர்ட்டர் கெடக் கூடாது என்றால் ஆயிலில் பாஸ்பரஸ் குறைய வேண்டும். அதனால் மெல்லிய ஆயில் ரகங்களில் பாஸ்பரஸின் உச்ச அளவு படிப்படியாக இறங்கியது: 1990களின் தொடக்கத்தில் 0.12 சதவீதம், 1996இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்ஜே தரத்தில் 0.10, 2004இல் வந்த எஸ்எம் தரத்தில் 0.08. அதற்குப் பிறகு வந்த எஸ்என், எஸ்பி தரங்களிலும் இதே 0.08தான். பாஸ்பரஸ் 0.06க்குக் கீழே போகக் கூடாது என்று குறைந்தபட்ச அளவும் உண்டு.

0.08 சதவீதம் என்றால் பத்து லட்சத்தில் 800 பங்கு, அதாவது 800 பிபிஎம். ஜிங்க் எப்போதும் பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும், ஏறக்குறைய 1.1 மடங்கு. ஆயில் விவரத்தாளில் இரண்டில் ஒன்று தெரிந்தால் மற்றதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

முக்கியமான ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த உச்சவரம்பு எல்லா ஆயிலுக்கும் பொதுவானதல்ல. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற எரிபொருள் சிக்கன ரகங்களுக்குத்தான் அது பொருந்தும். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கனமான ரகங்களுக்கு அந்த மேல்வரம்பு கிடையாது. பழைய இன்ஜின்கள் பெரும்பாலும் கேட்பதும் இந்தக் கனமான ரகங்களையே. ஆக, நீங்கள் ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருக்கும் 20டபிள்யூ-50இல் 1,200 பிபிஎம் ஜிங்க் இருக்கலாம். அது தெரியாமல் மேலே ஒரு டின் ஊற்றுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

சரி, உங்கள் இன்ஜினுக்கு இது தேவையா? கேமைத் தொடும் இடத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டேப்பட்டின் நுனியிலோ, கேமைத் தொடும் ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) நுனியிலோ சிறு சக்கரம் இருந்தால் அது ரோலர் வகை. சக்கரம் உருளும், உரசாது. கூடுதல் ஜிங்க் தேவையில்லை. பெரிய வி8 இன்ஜின்களில் ரோலர் டேப்பட் 1980களின் நடுவிலிருந்து வந்தது: ஃபோர்டின் 5 லிட்டர் இன்ஜினில் 1985இல், செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக்கில் 1987இல். அதற்கு முந்தைய புஷ் ராடு இன்ஜின்கள் பெரும்பாலும் தட்டை டேப்பட் வகைதான். கேம் மேலே இருக்கும் இன்ஜின்களிலும் ராக்கரின் பட்டை நேராகக் கேமில் உரசும் வகை உண்டு. அதற்கும் இதே கவனம் வேண்டும். வாளி போலக் கவிழ்ந்து உட்காரும் பக்கெட் டேப்பட்டும் உரசும் வகைதான் என்றாலும், அகலமான பரப்பு, இலகுவான ஸ்பிரிங் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் சர்வீஸ் மேனுவலின் படத்தைப் பாருங்கள், கேம் மேலே இருக்கும் இன்ஜின் என்றால் வால்வு கவரைக் கழற்றியும் பார்த்துவிடலாம். காது வழிச் செய்தியைவிடக் கண்ணால் பார்ப்பது மேல்.

தட்டை டேப்பட் என்றாலும் எல்லா இன்ஜினும் ஒரே நிலையில் இல்லை. பல ஆண்டுகள் ஓடிப் பழகிய இன்ஜின், தொழிற்சாலையில் போட்ட அதே ஸ்பிரிங், மிதமான ஓட்டம் என்றால் பாஸ்பரஸ் 800 பிபிஎம் உள்ள ஆயிலிலேயே பிரச்சினை இல்லாமல் ஓடுகிறவை நிறைய. எஸ்எம் முதலான தரங்களும் கேம் தேய்மானச் சோதனையைத் தாண்டித்தான் வந்தன. புது கேம், கடினமான ஸ்பிரிங், உயரமாகத் திறக்கும் லோப் என்று மாற்றியிருந்தால் கதை வேறு. அங்கே ஜிங்க் 1,200 பிபிஎம் சுற்றி இருப்பது நல்லது. பொதுவாக 1,000 முதல் 1,400 வரை பாதுகாப்பான எல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

1,400க்கு மேலே போனால் பாதுகாப்பு கூடாது. நீண்டகால ஓட்டத்தில் தேய்மானம் திரும்ப ஏறத் தொடங்கும். 2,000ஐ நெருங்கும்போது அந்த ரசாயனமே இரும்பின் மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளைத் தாக்கும். கேமின் பரப்பு சிறுசிறு செதிலாகப் பெயர்ந்து விழும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பயப்பட ஒன்றுமில்லை. சம்ப் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) 5 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் ஆயில் சுமார் 870 கிராம். 5 லிட்டர் 4,350 கிராம். அதில் 800 பிபிஎம் ஜிங்க் என்றால் மொத்தம் 3.48 கிராம். அதை 1,200 ஆக்க வேண்டுமானால் 5.22 கிராம் வேண்டும். குறைவது 1.74 கிராம்தான். நீங்கள் வாங்கும் அடிட்டிவில் ஜிங்க் எடையில் 1.5 சதவீதம் என்றால், ஊற்றுவதால் மொத்த அளவு கூடுவதையும் சேர்த்து, சுமார் 126 கிராம் போதும். அளவுக் குவளையில் 130 முதல் 140 மில்லி.

இப்போது டின்னில் 350 மில்லி இருக்கிறது என்பதற்காக முழுவதையும் கவிழ்த்தால்? 1,750 பிபிஎம் வரை போய்விடும். அதையே ஏற்கெனவே 1,200 இருக்கும் 20டபிள்யூ-50இல் கவிழ்த்தால் 2,100ஐத் தாண்டும். இரண்டுமே நாம் மேலே சொன்ன எல்லைக்கு வெளியே. "ஒரு டின் ஒரு ஆயில் மாற்றத்துக்கு" என்று லேபிளில் எழுதியிருப்பது உங்கள் சம்ப்பின் கொள்ளளவையும் உங்கள் ஆயிலையும் தெரிந்து எழுதியதல்ல.

அதனால் என் கருத்து வெளிப்படையானது: முடிந்தவரை டின்னையே தவிர்த்து, சரியான அளவு ஜிங்க்கோடு தயாரான ஆயிலையே வாங்குங்கள். ஆயில் என்பது பல சேர்மானங்களைச் சமன்படுத்திக் கலந்த கலவை. அழுக்கைப் பிரித்தெடுக்கும் கால்சியம், மெக்னீசிய டிடர்ஜென்ட்டுகளும் இரும்பின் மேற்பரப்பில் இடம்பிடிக்கப் போட்டிபோடும். டிடர்ஜென்ட் மிகுந்த ஆயிலில் எண்ணிக்கையில் ஜிங்க் சரியாக இருந்தாலும் படலம் மெதுவாகவே உருவாகும். ஆயில் தயாரிப்பவர் அந்தச் சமநிலையைப் பார்த்துத்தான் கலக்கிறார். வெளியிலிருந்து ஒன்றை மட்டும் கூட்டும்போது நமக்கு அந்த வசதி இல்லை. பழைய கார்களுக்கென்றே விற்கும் கிளாசிக் ரக ஆயில்களின் விவரத்தாளில் ஜிங்க், பாஸ்பரஸ் அளவைத் தெளிவாகப் போட்டிருப்பார்கள். போடாதவர்களிடம் வாங்க வேண்டாம். பந்தய ஆயிலில் ஜிங்க் தாராளமாக இருக்கும். ஆனால் டிடர்ஜென்ட் குறைவு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாற்றுகிற ஆயில் அது, மாதக்கணக்கில் ஊரைச் சுற்றும் காருக்கு ஏற்றதல்ல.

டீசல் ஆயிலை ஊற்றும் பழக்கமும் உண்டு. சிஐ-4 தரத்து டீசல் ஆயில்களில் ஜிங்க் நன்றாகவே இருந்தது. 2006இல் வந்த சிஜே-4 தரத்தில் பாஸ்பரஸுக்கு 0.12 சதவீதம் என்று வரம்பு வந்தது. இன்றைய சிகே-4இலும் அதே வரம்புதான். அந்த எண் பழைய பெட்ரோல் இன்ஜினுக்கு மோசமானதல்ல. ஆனால் டிடர்ஜென்ட் அதிகம் என்ற விஷயத்தை மனதில் வைத்து, விவரத்தாளைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

பிடித்த ஆயில் ஒன்று இருக்கிறது, அதில் ஜிங்க் கொஞ்சம் குறைகிறது, அதனால் அடிட்டிவ்தான் வழி என்றால், வாங்கும்போது ஜிங்க் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது இல்லாமல் மேலே போட்ட கணக்கே நடக்காது. "இன்ஜினைக் காக்கும்" என்று மட்டும் எழுதிய எல்லா டின்னும் இசட்டிடிபி அல்ல. சிலவற்றில் குளோரின் சேர்ந்த பாரஃபின் இருக்கும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அரிக்கத் தொடங்கும். கியர் ஆயிலுக்கான அழுத்தம் தாங்கும் சேர்மானமும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள வீரியமான கந்தகம் வெண்கல புஷிங்குகளைத் தின்றுவிடும்.

இசட்டிடிபியிலும் வகைகள் உண்டு. செகண்டரி வகை குறைந்த சூட்டிலேயே உடைந்து படலம் போடும். தேய்மானத் தடுப்பில் வல்லது. பிரைமரி வகை சூட்டை அதிகம் தாங்கும், மெதுவாக வேலை செய்யும், நீண்ட ஓட்டத்துக்கு நிலைக்கும். புது கேமைப் பழக்கும் ஆயிலில் செகண்டரி இருப்பது நல்லது. விவரத்தாளில் வகையைச் சொல்லியிருந்தால் அதைப் பாருங்கள். சொல்லாவிட்டால் "பிரேக்-இன்" என்று குறிப்பிட்டு விற்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்வெர்ட்டர் பொருத்திய காரில் இதையெல்லாம் ஊற்றாதீர்கள். தட்டை டேப்பட்டும் கன்வெர்ட்டரும் சேர்ந்தே இருக்கும் ஒரு தலைமுறைக் கார்கள் உண்டு. அவற்றுக்கு 1,000 பிபிஎம் அளவில் நின்றுகொள்வதே இரண்டுக்கும் நியாயமான நடுவழி. இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கன்வெர்ட்டரைக் கொல்வது எரிந்து போகும் ஆயில்தான்.

புது கேம் போட்டவர்களுக்கு: பழைய டேப்பட்டைப் புது கேமில் ஒருபோதும் போடாதீர்கள். பழைய கேமையே திரும்பப் போடுவதானால், எந்த டேப்பட் எந்த லோபில் ஓடியதோ அதே இடத்துக்கே திரும்பப் போக வேண்டும். லோபிலும் டேப்பட்டின் அடியிலும் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள். ஸ்டார்ட் செய்த உடனே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 20 முதல் 30 நிமிடம், வேகத்தை லேசாக ஏற்றி இறக்கி ஓடவிடுங்கள். ஐடிலுக்கு இறக்கவே கூடாது. பல இன்ஜின்களில் கேமுக்கு ஆயில் போவதே கிராங்க் சுற்றி வாரி இறைக்கும் தெறிப்பில்தான். ஐடிலில் அந்தத் தெறிப்பு போதாது. அதனால் கூலன்ட், இக்னிஷன் டைமிங், கார்புரேட்டரில் பெட்ரோல் எல்லாம் சாவியைத் திருகுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். நீண்ட நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றவைத்துக்கொண்டே இருந்தால், ஓடுவதற்கு முன்பே பேஸ்ட் வழித்துப் போய்விடும். ஸ்பிரிங் இரட்டை என்றால் பழக்கும் வரை உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வைப்பது நல்லது. அரை மணி முடிந்ததும் அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

பரிசோதனைக்கூடத்துக்கு ஆயில் மாதிரி அனுப்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறிக்கையில் வரும் ஜிங்க் எண் தனிமத்தின் அளவு. மூலக்கூறு உடைந்து வேலை முடிந்த பிறகும் ஜிங்க் ஆயிலுக்குள்தான் இருக்கும். எண் பெரிதாக மாறாது. அதனால் ஓடிய ஆயிலில் 1,200 காட்டுகிறது என்பதற்காகக் காலம் கடத்தாமல் உரிய நேரத்தில் மாற்றிவிடுங்கள். அதே அறிக்கையில் இரும்பின் எண் முந்தைய முறையைவிட ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதிகப் பயன்.

அறிக்கை இல்லாமலும் கவனிக்கலாம். கைமுறையாக அட்ஜஸ்ட் செய்யும் டேப்பட் என்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வால்வின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் அளந்து, நோட்டில் எழுதி வையுங்கள். எல்லாம் ஒரே சீராக இருக்க, ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப அகன்றுகொண்டே போனால் அந்த லோபையும் அதன் டேப்பட்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஹைட்ராலிக் டேப்பட்டில் இடைவெளி காட்டாது. டயல் கேஜை வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு உயர்கிறது என்று அளந்து, பக்கத்து வால்வோடு ஒப்பிடுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கி எறிவதற்கு முன் வெட்டித் திறந்து, மடிப்பை விரித்து வெயிலில் காட்டுங்கள். மினுக்கும் தூள் தெரிந்தால் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டாத தூள் பெரும்பாலும் பியரிங்கிலிருந்து வந்திருக்கும். ஒட்டுகிற தூள் நிறைய இருந்தால், இனி ஜிங்க் ஊற்றிப் பயனில்லை; வால்வு கவரைக் கழற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.